தம்பிக் குதிரையும் கட்டம் போட்ட பாலமும்: சென்னை சதுரங்க ஒலிம்பியாடின் பொதுவெளிக் கலையும் மக்கள் எதிர்வினையும்

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு போட்டியை முன்னிட்டுச் சென்னை நேப்பியர் பாலத்தில் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டன. அதே நாட்களில், வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நிற்கும் 'தம்பி' என்ற குதிரைமுகச் சிலைகள் சென்னையின் முக்கியச் சந்திப்புகளிலும் மாமல்லபுரம் செல்லும் வழியிலும் நிறுத்தப்பட்டன. விளையாட்டுத்தனமான ஒரு கற்பனை நகரம் தழுவிய அளவில் நிறைவேற்றப்பட்டதற்குத் தமிழகத்தில் அண்மைக்கால எடுத்துக்காட்டு இது. மக்கள் அதை ரசித்தார்கள், கேலி செய்தார்கள், கவலையும் தெரிவித்தார்கள். இக்கட்டுரை அந்த எதிர்வினைகளைத் தொகுத்து, அவ்விரு படைப்புகளின் நிறைகுறைகளை ஆராய்கிறது.

பின்னணி

இப்போட்டி முதலில் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு ஒதுக்கப்பட்டது. சதுரங்க ஒலிம்பியாடு இந்தியாவில் நடந்தது அதுவே முதல் முறை. ஆட்டங்கள் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடைபெற்றன. தொடக்க விழா ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்றன. ஆயத்தங்களுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ நான்கு மாதங்கள்தான்.

தமிழ்நாட்டுக்குச் சதுரங்கம் புதிதன்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், முதல் கிராண்ட் மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் ஆகிய இருவரும் தமிழகத்தில் வளர்ந்தவர்கள். திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரிலேயே வழிபடப்படுகிறார்.

எனினும், சதுரங்கம் பார்வையாளருக்கு எளிதில் பிடிபடும் விளையாட்டன்று. கிரிக்கெட்டைப் போல ஆரவாரம் இல்லை. கபடியைப் போல ஓட்டமும் பிடியும் இல்லை. இருவர் ஒரு பலகையின் முன் மணிக்கணக்கில் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தை ஒரு நகரமே பேசும்படி செய்ய வேண்டியிருந்தது. பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் கடந்து செல்பவர் ஒரு நொடி திரும்பிப் பார்க்க வேண்டும். பாலமும் குதிரையும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. ஆவின் பால் உறையிலும் போட்டியின் சின்னம் அச்சானது.

நேப்பியர் பாலம்

கூவம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியையும் மெரினா கடற்கரையையும் இணைப்பது நேப்பியர் பாலம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் 1869-இல் கட்டப்பட்டது. இன்று காணும் வில் வளைவுகள் 1943-இல் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டவை. போக்குவரத்து பெருகியதால் 1999-இல் பக்கத்திலேயே அதே தோற்றத்தில் இன்னொரு பாலம் அமைந்தது. கோட்டையிலிருந்து கடற்கரை நோக்கி வருபவருக்கு மெரினாவின் நுழைவாயில் அதுதான்.

2022 ஜூலையில் அந்த வளைவுகள், கைப்பிடிச் சுவர்கள், சாலைப் பரப்பு ஆகியவற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டன. மேலிருந்து எடுத்த படங்களில் பாலம் ஆற்றின் குறுக்கே விரித்த சதுரங்கப் பலகையாகவும், அதன் மேல் செல்லும் வண்டிகள் காய்களாகவும் தெரிந்தன. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த வரவேற்புப் பாடலின் காட்சிகளும் இப்பாலத்தில் படமாக்கப்பட்டன.

கலை நோக்கில் இதன் வலிமை எளிமையில் இருக்கிறது. புதிதாக எதுவும் கட்டப்படவில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கவனிக்காமலே கடந்துபோன ஒரு பொருள், இரண்டே நிறங்களால் வேறொன்றாயிற்று. வளைவுகளின் வட்டக் கோட்டின் மேல் சதுரக் கட்டங்கள் ஓடியபோது, பழகிய பாலத்தின் உருவ அழகு பலர் கண்ணுக்கு முதன்முதலாகப் புலப்பட்டது. நேரே பார்த்தால் ஒரு தோற்றம், நடந்தபடி பார்த்தால் இன்னொரு தோற்றம்.

தம்பி

போட்டியின் சின்னமாகத் 'தம்பி' 2022 ஜூனில் அறிமுகப்படுத்தப்பட்டது. சதுரங்கக் காய்களுள் உருவத்தால் உடனே அடையாளம் தெரிவது குதிரை மட்டுமே. மற்றக் காய்களின் முடியையும் பிளவையும் ஆட்டம் தெரிந்தவரே பிரித்தறிவர். குதிரையைச் சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆகவே தேர்வு பொருத்தமானது. அந்தக் குதிரைக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்தி, வணக்கம் சொல்ல வைத்ததுதான் படைப்பின் சிறப்பு.

பெயரும் அதற்குச் சமமான பங்காற்றியது. தம்பி என்பது தமிழ்நாட்டில் உடன்பிறந்தவனை மட்டும் குறிப்பதில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரை அழைப்பதும், பெரியவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பதும் அச்சொல்லால்தான். முன்னாள் முதலமைச்சர் அண்ணா தம் தொண்டர்களுக்குத் 'தம்பி' என்று விளித்தே கடிதங்கள் எழுதினார். எல்லோரும் உடன்பிறப்புகள் என்ற பொருளில் இப்பெயர் வைக்கப்பட்டதாக விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கம் இல்லாமலே மக்களுக்குப் பெயர் பிடித்துப்போயிற்று. அரசு விழாக்களின் சின்னங்களுக்கு அகராதியைத் தேடி எடுத்த பெயர்கள் சூட்டப்படும்போது அவை விழாவோடு மறைந்துவிடுகின்றன. 'தம்பி' வாயில் ஏற்கெனவே இருந்த சொல்.

மக்கள் எதிர்வினை

முதல் எதிர்வினை மகிழ்ச்சி. பாலத்தின் முன்னும் தம்பியின் தோள் அருகிலும் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்த மாதத்தின் பொழுதுபோக்காயிற்று. குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. காவலர் அனுமதியும் தேவையில்லை. அருங்காட்சியகத்தின் படியை மிதிக்கத் தயங்குவோரும் சாலையோரக் குதிரையின் கையைத் தொட்டுப் பார்க்கத் தயங்குவதில்லை. கலைக்கூடத்துக்கும் பொதுவெளிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது எதிர்வினை கேலி. மேலே கட்டமும் கீழே கூவமுமாக நின்ற காட்சியில் ஒரு முரண் இருந்தது. பாலத்துக்கு வண்ணம் பூசுவது சில நாள் வேலை; ஆற்றைத் தூய்மையாக்குவது பல பத்தாண்டுகளாக முடியாத வேலை. பூச்சு எளிதாக முடிந்ததே, முடியாததை நினைவூட்டியது. இவ்வகைக் கேலியைக் கலைக்கு எதிரானதாகக் கொள்வது தவறு. பாலத்தை நின்று பார்த்தவர்தான் அடியில் ஓடும் ஆற்றையும் பார்க்கிறார்.

மூன்றாவது எதிர்வினை கவலை. சாலைப் பரப்பிலேயே தீட்டப்பட்ட கட்டங்கள் ஓட்டுநரின் கண்ணைக் குழப்பும் என்றும், படம் எடுக்க வண்டிகளை நிறுத்துவதால் விபத்து நேரலாம் என்றும் பேசப்பட்டது. இதை வெறும் குறைகாணலாக ஒதுக்க முடியாது. சாலையில் தீட்டப்படும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. இந்தியச் சாலைக் குறியீடுகளுக்கென இந்தியச் சாலைக் காங்கிரசின் தனி நெறிமுறையே உள்ளது. வெள்ளைப் பட்டைகள் என்றால் பாதசாரி கடக்கும் இடம். விட்டுவிட்டு வரும் கோடு என்றால் தடம் மாறலாம். தொடர்கோடு என்றால் கூடாது. இத்தனை குறிகளுக்கு நடுவே பொருளற்ற கட்டங்கள் விரிந்தால், குறிகளைத் தேடும் கண் தடுமாறும். வழவழப்பான வண்ணப் பூச்சின் மேல் மழைநீர் நின்றால் இரு சக்கர வண்டியின் பிடிமானமும் குறையும்.

நான்காவது எதிர்வினை அரசியல் சார்ந்தது. போட்டி விளம்பரங்களில் முதலமைச்சர் படம் மட்டும் இடம்பெற்றதாகச் சர்ச்சை எழுந்தது. சில விளம்பரப் பலகைகளில் பிரதமரின் படம் ஒட்டப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் படங்களையும் சேர்க்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சண்டை மூண்டது மனிதர் முகங்களைச் சுற்றித்தான். குதிரையின் முகத்தைச் சுற்றி அப்படிப்பட்ட சண்டை மூளவில்லை. எந்தத் தலைவரின் சாயலும் இல்லாத ஓர் உருவத்தின் முன் எல்லாக் கட்சியினரும் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. விளையாட்டுத்தனமான கலைக்குப் பொதுவெளியில் இருக்கும் தனிப் பயன் இது.

தமிழ் மரபில் பேருருவமும் விளையாட்டும்

இத்தகைய கலை மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதுவதுண்டு. போட்டி நடந்த ஊரே அதற்கு மறுப்பு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் 7-ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், தவசியைப் போலப் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை உயர்த்தியிருக்கும் பூனை ஒன்று உண்டு. அதன் அருகில் எலிகள். தேவரும் முனிவரும் யானையும் நிறைந்த மாபெரும் சிற்பத்தொகுதியில் பல்லவச் சிற்பி ஒரு நகைச்சுவைக்கும் இடம் வைத்தார். பள்ளிச் சுற்றுலாவில் வரும் மாணவர்கள் முதலில் கண்டு சிரிப்பது அந்தப் பூனையைத்தான்.

பெரிய குதிரையும் தமிழ் ஊர்களுக்குப் பழகியதே. ஊர் எல்லையில் ஐயனாருக்கு நேர்ந்து வைக்கும் சுடுமண் குதிரைகள் ஆளுயரத்தைத் தாண்டியும் நிற்கும். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் மனிதரும் குதிரையும் ஓர் உருவமாகவே தெரிவர். தம்பியைக் கண்ட மக்கள் அதை அந்நியமாக உணராததற்கு இம்மரபும் ஒரு காரணமாகலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஐயனார் குதிரை வேண்டுதலால் பிறக்கிறது. செய்பவர், செய்யச் சொன்னவர், வைக்கும் நாள், பூசை எல்லாம் ஊருக்குத் தெரியும். தம்பி அரசு ஆணையால் பிறந்தது. தம்பி என்ற பெயரை அறியாதவர் குறைவு. அதை வார்த்து வண்ணம் தீட்டிய கைகளின் பெயர் அறிந்தவர் அரிது.

மூன்றாவது முன்மாதிரி திரைப்படக் கட்-அவுட். அண்ணா சாலையில் வானளாவ நின்ற நாயகர் உருவங்கள் சென்னையின் தெருக்கலை வரலாற்றில் தனி அத்தியாயம். அம்மரபின் இருண்ட பக்கத்தையும் மறக்கலாகாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த பதாகை சரிந்ததால், இரு சக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அந்நிகழ்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் சாலைப் பரப்பின் மீதே கட்டம் போடப்பட்டதால்தான் எழுந்த கவலைக்குக் கூடுதல் எடை உண்டு. சாலை முதலில் உயிரோடு வீடு திரும்புவதற்கானது. காட்சி அதற்குப் பின்.

சிலையும் இடமும்

சென்னைக் கடற்கரை சிலைகளால் எழுதப்பட்ட ஒரு வரலாறு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் நிறுவப்பட்டது. 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி உள்ளிட்ட சிலைகள் வந்தன. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2006-இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. அந்தச் சிலையை நாள்தோறும் கடந்தவர்களுள் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தனர் என்பது வேறு கேள்வி. ஆனால் அது இல்லாமல் போனதும் ஒரு வெற்றிடம் தெரிந்தது. பொதுவெளிக் கலையின் மதிப்பு பல நேரங்களில் அது இருக்கும்போது அன்றி, போன பின்புதான் வெளிப்படுகிறது.

நடிகர் சிவாஜி கணேசனின் சிலை இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. 2006-இல் காமராசர் சாலையில் நிறுவப்பட்ட அச்சிலை, வாகன ஓட்டிகளின் பார்வையை மறைப்பதாக வழக்குத் தொடரப்பட்டு, 2017-இல் அடையாற்றில் உள்ள அவரது மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. இரசிகர்களுக்கு அது வருத்தம் தந்தது. ஆயினும் ஒரு கொள்கை நிலைநாட்டப்பட்டது: எவ்வளவு பெரிய கலைஞரின் சிலையானாலும் சாலைப் பாதுகாப்புக்கு உட்பட்டதே.

அதே நடிகருக்குப் புதுச்சேரியிலும் சிலை உண்டு. சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை கருவடிக்குப்பம் பகுதியைத் தொடும் சந்திப்பில் அது நிற்கிறது. இன்று அந்தச் சந்திப்பின் பெயரே 'சிவாஜி சிலை' என்றாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் சொல்வதும், கடை முகவரியில் எழுதுவதும் அப்படித்தான். சிலையின் கலைநயத்தைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. அதை வைத்து வழி சொல்கிறார்கள். ஒரு பொதுவெளிப் படைப்புக்கு மக்கள் தரக்கூடிய உயர்ந்த ஏற்பு இதுவாக இருக்கலாம்.

புதுச்சேரியின் ஆயி மண்டபமும் இவ்வாறே. பாரதிப் பூங்காவின் நடுவில் நிற்கும் அந்த வெண்ணிறக் கட்டடம், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகருக்கு முத்திரைப்பாளையத்திலிருந்து குடிநீர் வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. கட்டடக்கலை முற்றிலும் ஐரோப்பியம். மக்கள் மனத்திலோ அது, தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் மண்டபம். கதை சேர்ந்ததும் அயல்நாட்டுத் தூண்கள் உள்ளூர்ச் சொத்தாயின.

பிற நாட்டு ஒப்பீடு

புதுச்சேரியை ஆண்ட பிரான்சின் தலைநகரில், நேப்பியர் பாலத்தோடு ஒப்பிடத் தகுந்த கறுப்பு வெள்ளைப் படைப்பு ஒன்று உண்டு. பாரிசில் உள்ள பலே-ரோயால் அரண்மனை முற்றத்தில் தானியேல் புய்ரேன் என்ற கலைஞர் 1986-இல் அமைத்த 260 கோடிட்ட தூண்கள் அவை. அதற்கு முன் அந்த முற்றம் வண்டிகள் நிறுத்தும் இடமாக இருந்தது. பழமையான அரண்மனையின் நடுவே இந்தக் கோடுகள் எதற்கு என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. செய்தித்தாள்கள் தாக்கின, வழக்கும் நடந்தது. இன்று சிறுவர்கள் அத்தூண்களின் மேல் ஏறிக் குதிக்கின்றனர். பயணிகள் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். பின்னாளில் பராமரிப்பு குலைந்தபோது, இப்படி வைத்திருப்பதைவிட அகற்றிவிடலாம் என்று கலைஞரே கண்டித்தார். பிறகு அரசு செப்பனிட்டு 2010-இல் மீண்டும் திறந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு, நெதர்லாந்துக் கலைஞர் புளோரன்டைன் ஹோப்மனின் மஞ்சள் இரப்பர் வாத்து. குளியல் தொட்டியில் மிதக்கும் பொம்மையைப் பல மாடி உயரத்துக்கு ஊதிப் பெருக்கித் துறைமுகங்களில் மிதக்கவிட்டார். 2013-இல் ஹாங்காங் துறைமுகத்தில் மிதந்த 16.5 மீட்டர் உயர வாத்தைக் காணக் கூட்டம் அலைமோதியது. இடையில் காற்று இறங்கித் தட்டையாகக் கிடந்தபோது மக்கள் நலம் விசாரித்தார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் தைவானின் கீலுங் துறைமுகத்தில் இன்னொரு வாத்து வெடித்தது.

இவ்விரண்டும் இரு வேறு வகை. வாத்து விருந்தாளி, வந்த நோக்கம் முடிந்ததும் புறப்பட்டுவிடும் என்பது முதலிலேயே தெரியும். தூண்கள் குடியிருப்போர், அவற்றுக்குப் பராமரிப்புக் கடமை உண்டு. எந்தப் படைப்பு எந்த வகை என்பதை நிறுவும்போதே முடிவு செய்ய வேண்டும். தம்பியும் பாலமும் விருந்தாளியா, குடியிருப்போரா என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணகி நகர்: இன்னொரு பாதை

அதே சென்னையில் வேறொரு முயற்சியும் நடந்தது. நகரின் பல பகுதிகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரில், 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம், மாநகராட்சி ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. குடியிருப்பின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் ஓவியம் பார்க்க அங்கு வரத் தொடங்கினர்.

இங்கும் எதிர்வினை இரு வகை. தங்கள் ஊரைப் பற்றி நல்ல செய்தி வந்தது என்ற பெருமை ஒன்று. தண்ணீர், வேலை, போக்குவரத்து ஆகிய குறைகளை வண்ணம் தீர்க்குமா என்ற கேள்வி மற்றொன்று. இரண்டும் நியாயமானவை, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. நேப்பியர் பாலத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். பாலம் கடந்து செல்வோருக்கானது. கண்ணகி நகர்ச் சுவர் அங்கேயே கண்விழிப்போருக்கானது. ஆகவே அங்கு தீட்டப்படுவதைப் பற்றிக் குடியிருப்போரைக் கேட்பது மரியாதை மட்டுமன்று, தேவையும் ஆகும்.

மதிப்பீடு

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வரலாம். தமிழ் நகரத்து மக்கள் ஒரு பொதுவெளிப் படைப்பின் முன் 'இது கலையா?' என்று கேட்பதில்லை. அவர்கள் கேட்பவை மூன்று கேள்விகள். இதை என்ன சொல்லி அழைப்பது? இதை வைத்து என்ன செய்வது? இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முதல் கேள்வியில் தம்பி முழு வெற்றி பெற்றது. நாட்டில் எத்தனையோ போட்டிகளுக்கு எத்தனையோ சின்னங்கள் வந்தன. அவற்றுள் சாதாரண மக்கள் பெயர் சொல்லி அழைத்தவை சில. 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய ஹாக்கிப் போட்டிக்குப் 'பொம்மன்' என்ற யானை சின்னமானது. மக்களுக்குத் தெரிந்த பெயரைத் தேடும் வழக்கம் தம்பிக்குப் பின்னும் தொடர்ந்ததை இது காட்டுகிறது. பாலத்துக்குப் புதுப் பெயர் தேவைப்படவில்லை; அது தன் பழைய பெயரோடு புதுமுகம் காட்டியது.

இரண்டாவது கேள்வியில் இரண்டும் பாதி வெற்றியே. படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலவில்லை. சதுரங்கப் பலகை போலத் தீட்டப்பட்ட பாலத்தில் ஒருவரும் சதுரங்கம் ஆட முடியாது. தம்பியின் காலடியில் இரண்டு கல் மேசைகளையும் அவற்றில் கட்டங்களையும் அமைத்திருந்தால், காய்களைக் கொண்டுவந்து மாலையில் ஆடப் பெரியவர்களும் சிறுவர்களும் வந்திருப்பார்கள். அதற்கான செலவு சிலைக்கு ஆனதில் சிறு பங்குதான். அந்தப் போட்டியில் இந்தியாவின் 'பி' அணி பொதுப் பிரிவிலும் 'ஏ' அணி பெண்கள் பிரிவிலும் வெண்கலம் வென்றன. சென்னைச் சிறுவன் குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம் பெற்றார். 2024-இல் உலக வாகையரும் ஆனார். ஆர்வம் இருந்தது, அதை உட்கார வைக்க இருக்கை இல்லை.

மூன்றாவது கேள்வியில்தான் குறை பெரிது. சாலையின் கட்டங்கள் சக்கரங்களுக்கு அடியில் தேய்வது இயற்கை. கண்ணாடியிழைச் சிலை வெயிலில் நிறம் மங்குவதும் இயற்கை. இவை முன்பே தெரிந்தவை. ஆகவே எந்த நாளில் எடுப்பது, எடுத்ததை எங்கே வைப்பது, பள்ளிகளுக்குத் தரலாமா என்பதெல்லாம் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். விழாவுக்கு விருந்தாளியை அழைப்பவர் வழியனுப்பவும் கடமைப்பட்டவர். நிறம் மங்கி, மூக்கு உடைந்து, கைகூப்பியபடியே நிற்கும் ஒரு சிலை, அது ஒருநாள் தந்த மகிழ்ச்சியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பாலத்தைப் பொறுத்தவரை முடிவு இரண்டாகப் பிரிகிறது. வளைவுகளிலும் கைப்பிடிச் சுவரிலும் கட்டமிட்டது சிறந்த கற்பனை. பழைய கட்டுமானத்துக்குக் கெடுதி இல்லாமல் அதன் அழகை எடுத்துக்காட்டியது. சாலைப் பரப்பில் கட்டமிட்டது தவிர்த்திருக்க வேண்டியது. மேலிருந்து எடுக்கும் படத்துக்காகக் கீழே ஓட்டுபவரின் கண்ணைப் பணயம் வைக்கலாகாது. அந்தக் கவலையை எழுப்பியவர்கள் கலை அறியாதவர்கள் அல்லர். அந்தப் பாலத்தை உண்மையில் பயன்படுத்துபவர்கள்.

பெருஞ்செலவும் பேருருவமும் இல்லாமலே ஓர் இடம் மக்கள் மனத்தில் நிலைக்க முடியும் என்பதற்குக் கருவடிக்குப்பமே சான்று. சிவாஜி சிலைச் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே சென்றால் சித்தானந்த சுவாமி கோயில் வருகிறது. அதை அடுத்த தோப்பு 'குயில் தோப்பு' என்று வழங்குகிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், தம் குயில் பாட்டுக்குக் களமாகக் கொண்டது இத்தோப்பே என்பது மரபு. ஒரு பறவை காதல் பேசுவதாக அமைந்த விளையாட்டுக் கற்பனை, ஒரு மாந்தோப்புக்கு நூறாண்டு கடந்தும் அழியாத பெயரைத் தந்திருக்கிறது. தம்பிக் குதிரைக்கு அந்த நீண்ட வாழ்வு கிட்டாமல் போகலாம். ஆனால் அடுத்த முறை ஒரு நகரம் இப்படி ஒன்றை நிறுவும்போது, மக்கள் கேட்கும் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.